ரசீதில் யார் பெயர்?

2011 ஜூன் மாதம் மலேசியாவின் பினாங்கு விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் 12 சேலைகளும் அப்பாவின் கடைக் கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தன. கத்தரியைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றி அம்மா அடியில் வைத்திருந்தார். அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் தையற்கடை. பத்தாம் வகுப்பு விடுமுறையில் கொக்கி கட்ட உட்கார்ந்தவள், கல்லூரி முடிப்பதற்குள் லைனிங் வைத்த ரவிக்கை வரை வந்துவிட்டேன். கையில் தொழில் இருக்கிறது, எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தெம்பு எனக்கு இருந்தது. தொழில் கைகொடுத்தது உண்மை. ஆனால் அந்தத் தொழிலை என் பெயரில் எழுத எனக்கு எட்டரை ஆண்டுகள் ஆயின.

என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு ஜெலுத்தோங்கில், 13ஆவது மாடியில். வந்த இரண்டாவது மாதமே, மாமியாரின் பழைய சிங்கர் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: ‘ஜாக்கெட் தைத்துத் தரப்படும்.’ மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் போடும் மழைக்கோட்டுடன் வந்து நின்றான். “அக்கா, ஜாக்கெட்டுக்கு ஜிப் மாற்ற வேண்டும்” என்றான். எங்கள் ஊர் ஜாக்கெட் இங்கே ரவிக்கை அல்லது பிளவுஸ் என்பது அன்றுதான் விளங்கியது. மாமியார் சிரித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த ஜிப்பை மாற்றிக் கொடுத்தேன். இன்றும் என் கடையில் நிமிடக் கணக்குப் பார்த்தால் அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது ஜிப் மாற்றும் வேலைதான். ஒரே மொழி பேசுகிற ஊருக்குத்தானே வந்திருக்கிறோம் என்று மிதப்பாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். சொற்களைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் பக்கத்து வீட்டார் “பசியாறியாயிற்றா?” என்று கேட்டால் நீங்கள் பட்டினியாக இருப்பதாக அவர் எண்ணிவிடவில்லை; காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து எனக்கு வந்தது ஒரு நோய். இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்போம். முதல் ரவிக்கைக்கு 10 வெள்ளி வாங்கினேன். அப்போது ஒரு வெள்ளி ஏறத்தாழ 15 ரூபாய். மனம் உடனே பெருக்கிவிட்டது: 150 ரூபாய்! ஊரில் அப்பா 60 ரூபாய்க்குத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. லைனிங் துணி, நூல், கொக்கி, துணி வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போய்வர பஸ் கட்டணம் எல்லாம் கழித்தால் மூன்று மணி நேர உழைப்புக்கு 5 வெள்ளிகூட நிற்கவில்லை என்பதைப் பார்க்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்தக் காசில் கோழி வைத்த ஒரு தட்டு நாசி கண்டார் சோறுகூடக் கிடைக்காது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலேசியாவில் விலை சொல்பவர் மலேசியாவில் அரிசி வாங்க முடியாது. அதைவிட மோசம், பக்கத்தில் இருபது ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருக்கும் அக்காவின் பிழைப்பிலும் மண் விழுகிறது. ஒருநாள் மாடிப்படியில் அவர் என்னை நிறுத்தி, “நீ 10 வெள்ளிக்குத் தைத்தால் நான் என்ன செய்வது?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மறு வாரமே 25 வெள்ளியாக்கினேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனார்கள். மீதிப் பாதியில் முன்பைவிட அதிகம் கிடைத்தது.

இத்தனையும் நடந்தபோது ஒரு பெரிய தவறும் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தது. மலேசியரை மணந்து வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது நீண்டகாலச் சமூக வருகை பாஸ். என் கடவுச்சீட்டில் அது ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த வரிகளை நான் படிக்கவே இல்லை. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருநாள் எதற்கோ கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் வேலை செய்யக்கூடாது என்று போட்டிருக்கிறதே” என்றார். வீட்டிலிருந்து தைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று வாதாடினேன். “காசு வாங்கினாய் அல்லவா, அது வேலைதான்” என்றார். அன்றே அறிவிப்பைக் கிழித்தேன். ஒன்றும் ஆகவில்லை, யாரும் வந்து கேட்கவுமில்லை. ஆனாலும் அடுத்த சில வாரங்களுக்குக் கதவு தட்டப்படும்போதெல்லாம் துணியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகுதான் முறையாக விசாரித்தோம். அந்தப் பாஸில் இருக்கும் மனைவியோ கணவரோ குடிநுழைவுத் துறையின் அனுமதி பெற்று வேலை செய்யலாம். அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு யார் கடிதம் கொடுப்பார்? நானே தொழிலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. தனிநபர் தொழிலை 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அப்படிப் பதிய முடியும். சென்டிரியான் பெர்ஹாட் எனப்படும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கும் வழி வெளிநாட்டவருக்கும் உண்டு. அதற்கான செலவும் செயலாளர் கட்டணமும் ஒரு தையல் இயந்திரத்துக்குத் தாங்காது.

நாங்கள் போன வழி இது. 2012இல் கணவர் தம் பெயரில் தையற்கடையைப் பதிந்தார். சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. நாங்கள் 60 கட்டினோம். அந்தத் தொழில் என்னைத் தையற்காரியாக வேலைக்கு எடுப்பதாக அவர் கடிதம் எழுதினார். திருமணச் சான்றிதழ், குடிமகன் என்று காட்டும் அவருடைய நீல அடையாள அட்டை, பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவருமாகக் குடிநுழைவுத் துறை முகப்பில், அதாவது கவுண்டரில், நின்றோம். மூன்று முறை அலைந்த பிறகு அனுமதி வந்தது. உங்கள் நிலைமைக்கு வேறு தாள் கேட்கக்கூடும். தொழிலைத் தொடங்குவதற்கு முன்பே முகப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அத்தை மகன் சொன்னதை நம்பாதீர்கள். எனக்கு அவரும் தவறாகத்தான் சொன்னார்.

அனுமதி வந்ததும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடையின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்தோம். நகராண்மைக் கழக உரிமம் கணவர் பெயரில். மின்கட்டணம் அவர் பெயரில். ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயர். அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. வாடிக்கையாளர்கள் ரசீதைப் பார்த்துவிட்டு அவரைத் தேடுவார்கள். அவர் நல்லவர்; அதனால் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. பாஸ் புதுப்பிக்கவும் கணவர்தான் உடன் வந்து நிற்க வேண்டும், தொழிலும் அவர் பெயரில் என்றால், வீட்டில் ஒரு சண்டை வந்தால் இரண்டும் ஒரே நாளில் ஆட்டம் காணும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படியே நடந்தது. அவள் நான்கு ஆண்டு உழைத்த அழகுநிலையத்தில் அவளுடையது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதனால் அன்றிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நீள நோட்டு ஒன்றில் தேதி, பெயர், என்ன தைத்தேன், எவ்வளவு வாங்கினேன், துணிக்கும் நூலுக்கும் எவ்வளவு போனது என்று என் கையாலேயே எழுதினேன். மாதம் முடிந்ததும் என் சம்பளம் என்று ஒரு தொகையைக் கணவர் எனக்குத் தருவார், அதற்கும் கையெழுத்து. கணவனும் மனைவியும் இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொள்வதா என்று மாமியாருக்கு வியப்பு. வங்கிக் கணக்கு திறப்பதும் லேசாக இல்லை. ஒரு வங்கியில் வேலை கொடுப்பவர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். கடிதம் எழுதியவரே கணவர் என்று கண்டதும் கூட்டுக் கணக்குத்தான் தரமுடியும் என்றார்கள். இன்னொரு வங்கியில் ஒரு பெண் அதிகாரி அதே தாள்களைப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் திறந்து கொடுத்தார். ஒரு கிளையில் முடியாது என்றால் அடுத்த தெருவில் கேட்டுப் பாருங்கள்.

என் தாத்தா காலத்தில் இவ்வளவு தாள் இல்லை. அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து, பினாங்குத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது; எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் அதை ஏதோ சொந்தக்காரர் பெயரைப்போல் சொல்வார்கள். தோளில் காவடித் தண்டு வைத்து இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றவர்களால்தான் நாசி கண்டார் என்ற பெயரே வந்தது. தண்டும் தோளும் இருந்தால் கடை. இன்று வந்து அப்படிச் செய்ய முடியாது. செய்யப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், உணவக வேலைக்கு என்று வந்தவர். ஒரு உள்ளூர்க்காரரின் ஒட்டுக்கடை, அதாவது சிறு சாப்பாட்டுக் கடை, உரிமத்தை மாதம் 600 வெள்ளிக்கு வாடகை பேசி, தாமே தோசை சுட்டு விற்றார். இப்படிப் பெயர் ஒருவருடையது, கடை இன்னொருவருடையது என்று நடப்பதை இங்கே அலி பாபா என்பார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. 2016 ஜனவரி 1 முதல் பினாங்கு மாநில அரசு அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையற்காரராக இருக்கக்கூடாது என்று நடைமுறைப்படுத்தியது. சோதனைக்கு வந்தவர்கள் தோசைக்கல், அடுப்பு, மேசை என்று அள்ளிப் போனார்கள். உரிமக்காரர் தமக்கு இந்த ஆளைத் தெரியாது என்றார். தோசை சுட்டவர் போட்ட முதல் எங்கே எழுதியிருக்கிறது, கேட்பதற்கு? வாடகை உரிமத்தில் தொழில் தொடங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அந்தத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டு நான் தமிழர்களுக்கு மட்டுமே தைத்தேன். தீபாவளிக்கு முன் ஆறு வாரம் கண்மூட நேரமிராது. அதன்பின் ஈ ஓட்டுவேன். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்குக் கூலிக்கும் தைத்தேன். வாடிக்கையாளரிடம் 35 வெள்ளி வாங்கிக்கொண்டு எனக்கு 12 தந்தார்கள். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை, அதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

நிலைமையை மாற்றியவர் எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்த ஒரு மலாய் மாக்சிக். நம் ஊர் அத்தை மாதிரி, அறுபதைத் தாண்டியவர். நாலு மீட்டர் துணியைக் கொண்டுவந்து, மலாய்ப் பெண்கள் அணியும் தளர்வான உடையான பாஜு கூரோங் தைக்கச் சொன்னார். இவ்வளவுதானா, அளவு எடுத்தால் போயிற்று என்று நான் வெட்டினேன். ரவிக்கை பழகிய கை அல்லவா? இடுப்பில் டார்ட் என்னும் மடிப்புத் தையல் பிடித்து, கை வளைவைக் கச்சிதமாக வெட்டி, உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டேன். மாக்சிக் போட்டுப் பார்த்தார். கையைத் தூக்கினார், தூக்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “இது பாஜு கூரோங்கா, சாரோங் நங்காவா?” என்றார். நங்கா என்றால் பலாப்பழம். பலாவுக்கு உறை போட்டதுபோல் இறுகிப் பிடிக்கும் உடையை இவர்கள் அப்படிக் கேலி செய்வார்கள்.

நான் துணிக்காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, மறுநாள் மாலை தம்முடைய பழைய பாஜு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டார். அதில் வளைவே இல்லை. உடல் நேர்த்துண்டு, கை நேர்த்துண்டு, பக்கவாட்டில் பெசாக் என்னும் ஒட்டுத்துண்டு. அக்குளில் மட்டும் உள்ளங்கை அளவுச் சதுரம் ஒன்றை மூலைவாட்டில் மடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கெக்கெக் என்று பெயர். கை தூக்க இடம் கொடுப்பது அந்தச் சதுரம்தான். பிறகு கழுத்தைக் காட்டினார். வட்டக் கழுத்தின் ஓரமெங்கும் கையால் போட்ட தையல், சிறு முள் வரிசைபோல் மேடாக எழும்பி நின்றது. துலாங் பெலுட், விலாங்கின் எலும்பு. ஒவ்வொரு தையலும் முந்தையதன் முதுகில் சாய்ந்து படுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் கழுத்து முழுவதும் நெளியும். நான் பதினொரு முறை பிரித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, ‘லாகி’ என்பார். மறுபடியும் என்று பொருள். கற்றுக்கொடுத்ததற்குக் கூலியாக அவருடைய பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளுக்கு மூன்று ஆண்டு ஓரம் மடித்துக் கொடுத்தேன்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவர் மூலம் 14 பாஜு வந்தது. அதற்கடுத்த ஆண்டு 60க்கு மேல். சேலைக் கடைக் கூலித் தையலை அப்போதுதான் விட்டேன். சொந்தத் தொழிலுக்கு நாட்காட்டி எவ்வளவு முக்கியம் என்றும் அப்போதுதான் பிடிபட்டது. நோன்புப் பெருநாள் சந்திரக் கணக்குப்படி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். தீபாவளி அக்டோபர், நவம்பரை விட்டு நகராது. 2014இல் பெருநாள் ஜூலை இறுதியில், தீபாவளி அக்டோபரில். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடலாம். சீனப் புத்தாண்டுக்கு முன் காற்சட்டை நீளம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் சீனர்கள் வருவார்கள். பள்ளி திறக்கும்போது சீருடை. மூன்று இனத்தாரும் வருகிற கடைக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முன்பே தைக்கப் புதிய துணி ஏற்பதை நிறுத்திவிட வேண்டும்; முன்பணமாகப் பாதி கையில் வாங்காமல் துணியில் கத்தரி வைக்கக்கூடாது. இந்த இரண்டையும் நான் கற்றுக்கொண்ட விதத்தை என் அலமாரியில் யாரும் திரும்பி வந்து வாங்காமல் கிடக்கும் ஒன்பது உடைகள் சொல்லும்.

கூட்டு பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் சீட்டு என்பதை இங்கே கூட்டு என்பார்கள். ஜூக்கி தையல் இயந்திரம் வாங்குவதற்காக மாதம் 200 வெள்ளிக் கூட்டில் சேர்ந்தேன். ஏழாம் மாதம் நடத்தியவர் தொலைபேசியை எடுக்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். கூட்டு நடத்துவதே 1971ஆம் ஆண்டின் ‘கூட்டு’ நிதித் தடைச் சட்டப்படி குற்றம் என்று கணவர் சொன்னார். நம் சொல் ஒன்று மலேசியச் சட்டத்தின் தலைப்பில் ஏறியிருக்கிறது, இந்தக் காரியத்துக்காக! 1,400 வெள்ளி போனது போனதுதான். இயந்திரத்தைப் பிறகு தவணையில் வாங்கினேன்.

ஐந்தாண்டு தங்கிய பிறகு 2016இல் நிரந்தர வசிப்பிடத்துக்கு விண்ணப்பித்தேன். 2019இல் சிவப்பு அடையாள அட்டை வந்தது. அந்த டிசம்பரில் எஸ்எஸ்எம் முகப்பில் 60 வெள்ளியும் விவரத் தாளுக்கு 10 வெள்ளியும் கட்டினேன். சான்றிதழ் அன்றே கைக்கு வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் முழுப்பெயர், அப்பா பெயருடன். படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா ஒரு வரிதான் பதில் போட்டார்: “எழுத்துப்பிழை இல்லையே?”

மூன்று மாதத்தில், 2020 மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையை மூடினேன். மே மாதப் பெருநாளுக்கு வந்திருந்த துணிகள் மடித்தபடியே கிடந்தன. முகக்கவசம் தைத்து ஓட்டினோம். அரசு பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி உதவி அறிவித்தபோது, எங்கள் மாடியில் முப்பது ஆண்டு முறுக்குச் சுட்டு விற்ற அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் இங்கேயே பிறந்த குடிமகள். எங்கேயும் பதியவில்லை, அவ்வளவுதான். தாள் தொல்லை வந்தேறிகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கடை திறந்த பிறகு ஒரு மாலை, அவசரத்தில் ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கி முறிந்தது. இரண்டு வாரம் தைக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் சுயதொழில் திட்டத்தில் சேர்ந்தேன். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, நிரந்தரவாசிகளும் சேரலாம். நான் சேர்ந்தபோது குறைந்த திட்டத்துக்கு ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென், நாலரைப் பாஜுவின் தையற்கூலிகூட இல்லை. வருமான வரிக்குச் சொந்தத் தொழில் செய்வோர் ‘பி’ படிவம் நிரப்ப வேண்டும், ஜூன் 30க்குள். கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். என் நீள நோட்டுகள் அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தன. வரி அலுவலக முகப்பில் இருந்த இளைஞன் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, தமிழ் எண்ணா என்று கேட்டான். என் கையெழுத்து அப்படி.

பெயர்ப்பலகைக்கு மலாய் எழுத்து பெரிதாகவும் மற்ற மொழி சிறிதாகவும் இருக்க வேண்டும். ‘கெடாய் ஜாஹிட்’ என்பது மேலே. கீழே தமிழில் தையற்கடை, ரவிக்கை, பாஜு கூரோங். ஜாக்கெட் என்றும் ஒரு ஓரத்தில் எழுதச் சொன்னேன். ஜிப் மாற்ற வருபவர்களுக்காக.

போன மாதம் மன்னார்குடிப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். நன்றாகத் தைப்பாளாம், வீட்டில் இருந்தபடியே எனக்குக் கூலிக்குத் தைத்துத் தருகிறேன், ஒரு ரவிக்கைக்கு 8 வெள்ளி கொடுத்தால்கூடப் போதும் என்றாள். மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உட்காரச் சொல்லி, கடவுச்சீட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை அக்கா என்று சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் கைவிட்டாள். அளவு நாடா மட்டும்தான் எடுத்து வந்திருந்தாள்.